படகின் கழிவறையில் அடைக்கலம்

அந்தமான் கடல் நடுவே, மாப்பிள்ளை எங்களுக்கென்றே வாடகைக்குப் பிடித்த சொகுசுப் படகின் கழிவறைக்குள் தாழிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

"குதிங்க மாமா! மாஸ்க் போட்டா அடியில மீனெல்லாம் தெரியும். மே மாச லீவுல காவிரியில எதிர்நீச்சல் போட்டவராச்சே நீங்க!"

பெண் பார்க்க வந்தவரிடம் நானாக அளந்துவிட்டது அது. எனக்கு நீச்சலே தெரியாது. "வயித்தக் கலக்குது மாப்ள" என்று உள்ளே புகுந்து அரைமணி நேரமாகிறது.

கதவுக்கு வெளியே மனைவி வந்தாள்.

"வெளில வாங்க. மே மாசம் ஆத்துல ஏதுங்க தண்ணி? மேட்டூர் தொறக்குறதே ஜூன்ல."

"மெதுவாப் பேசு, மாப்பிள்ளைக்குக் கேக்கும்!"

"அவரும் காவிரித் தண்ணி பாயுற நீடாமங்கலத்துக்காரர்தானே? நீங்க அளக்குறீங்கன்னு அன்னைக்கே தெரியுமாம். அதுக்குத்தான் இந்தப் படகையே புடிச்சிருக்காரு."

கரைக்குத் திரும்ப இன்னும் மூன்று மணி நேரம். நீச்சல் தெரியாத நண்பர்கள் மட்டும் யோசனை சொல்லுங்கள்.