ஆலாவுக்கு அடைத்த முள்

வெயிலில் நடப்பேன் என்பதற்காகத்தான் என்னை அந்த வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சங்கரன்கோவிலில் விசைத்தறிக்கூடத்தில் இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் சொல்லாமல் ஓடியிருக்கிறேன். நான்கு சுவருக்குள் எனக்கு மூச்சு முட்டும். லாரி கிளீனர், கேரளாவில் ரப்பர் வெட்டு, திருப்பூர் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்த ஒரு மாசி மாதம், ஆற்றுப் பறவைகளை ஆராய வந்த ஒரு பெண் உதவிக்கு ஆள் தேடினார்.

பறவையின் பெயர் ஆலா. வயிறு கறுத்திருக்கும். இந்தப் பக்கம் அற்றுப்போய்விட்டது என்று நினைத்திருந்தார்களாம். ஆற்றில் வற்றாமல் கிடந்த ஒரு மடுவை ஒட்டி, மணல் திட்டில் ஒரே ஒரு ஜோடி முட்டையிட்டிருந்தது. கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மணலில் கையகலப் பள்ளம், அதில் மூன்று முட்டை.

எப்படிப்பட்ட இடத்தில் அது முட்டையிடுகிறது என்று அளப்பதுதான் வேலை. தண்ணீர் எவ்வளவு தூரம், திட்டு எவ்வளவு உயரம், மணல் பருவெட்டா பொடியா, பக்கத்துச் செடி எவ்வளவு தூரம். விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள், ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு விலகிவிடுவோம். நான் டேப் பிடித்து எண்ணைச் சொல்வேன், அவர் தாளில் எழுதுவார். ‘செடி தூரம்’ என்ற கட்டத்தில் மட்டும் பெரிய எண் வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த மடுவில் செம்மறிகளுக்குத் தண்ணீர் காட்ட ஒருவர் வருவார். அவருக்கு நாங்கள் பெரிய வேடிக்கை.

“ஏலே, காக்கா முட்டைக்கெல்லாம் டேப்பு பிடிக்கியா? எங்க வீட்டுக் கோழிக்கும் அளவு எடுத்துட்டுப் போ, ஜாக்கெட்டு தைக்கணும்.”

“காக்கா இல்ல அண்ணாச்சி, ஆலா. நாட்டுலயே கொஞ்சந்தான் இருக்காம்.”

“ஒன்னைய மாதிரி சோலிக்குப் போற ஆளும் கொஞ்சந்தான் இருக்கு, போ.”

பங்குனியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் அந்தப் பெண் இரண்டு நாள் ஊருக்குப் போனார். “தூரத்துல இருந்தே பாருங்க அண்ணே, கிட்டப் போகாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அன்று பார்த்து ஆட்டுக்காரர் வந்தார்.

“மக்கா, மேற்க தண்ணி வத்திப்போச்சு. நாளையிலேருந்து எல்லா ஆட்டையும் இங்கனதான் பத்திட்டு வாரேன்.”

முட்டை இருக்கும் இடத்தைக் காட்டினேன். “சரி, பாத்துக்கிடுதேன்” என்றார். அவர் பார்த்துக்கொள்வார், ஆடு கேட்குமா?

எங்கள் பக்கம் காப்பாற்ற வேண்டியது எதுவானாலும் முள் அடைப்போம். வேப்பங்கன்றுக்கு, வைக்கோல் படப்புக்கு, விதை போட்ட பாத்திக்கு. அதற்கு யாரிடமும் கேட்பதில்லை. அன்று சாயங்காலம் சீமைக்கருவேலக் கிளைகளை வெட்டி, முட்டைகளைச் சுற்றி இடுப்புயரத்துக்கு நெருக்கமாக ஊன்றினேன். கையெல்லாம் கிழிந்தது. ஆலா தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தது. ஆள் நிற்பதால் கத்துகிறது என்று நினைத்து, டவுன் பஸ் ஏறி வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பஸ்ஸைத் தவறவிட்டு, போய்ச் சேரும்போது உச்சிவெயில். அந்த நேரத்தில் ஆலா மடுவில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும். அன்றும் நனைத்துக்கொண்டு வந்தது. முள்ளுக்கு மேலே நின்று சிறகடித்தது. இறங்கவில்லை. திரும்பிப் போய் மறுபடி நனைத்து வந்தது. வயிற்றிலிருந்து சொட்டிய தண்ணீர் முள்ளில் விழுந்தது. நாலு பக்கமும் பார்வை மறையாத இடத்தில்தான் அது உட்காரும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த எண்களையெல்லாம் என் வாயாலேயே சொல்லியிருந்தேன்.

ஓடிப்போய் முள்ளைப் பிடுங்கி எறிந்தேன். மணலில் கை வைக்க முடியவில்லை. நான் விலகியதும் அது இறங்கி உட்கார்ந்தது.

கரையில் ஆட்டுக்காரர் நின்றிருந்தார். “எதுக்குலே முள்ளு? நீ சொன்னேல்லா, அதான் கீழ சுத்திப் பத்திட்டுப் போனேன். ஒரு ஆடு இங்கன ஏறல.”

அந்தப் பெண் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம். “பாப்போம் அண்ணே” என்றார். பொரிய வேண்டிய நாள் போனது. அதற்கு மேலும் பத்து நாள் ஆலா உட்கார்ந்திருந்தது. உச்சிவெயிலில் வயிற்றை நனைத்து நனைத்து வந்தது. பதினோராம் நாள் வரவில்லை. முட்டையை எடுத்து உடைத்துப் பார்த்தோம். மூன்றும் கெட்டுப்போயிருந்தன.

தாளில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். அவர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்.

“வெயில்னு போட்டுடவா அண்ணே?”

“முள்ளுன்னு போடுங்க. செடி தூரத்தையும் மாத்தணும்.”

“அது செடி இல்லையே.”

“ஆலாவுக்கு அது எப்படித் தெரியும்?”

நான் பிடுங்கும்போது ஒடிந்த முள்கட்டை ஒன்று மணலில் அப்படியே நின்றிருந்தது. அவர் டேப்பின் முனையைப் பள்ளத்தில் வைத்துப் பிடித்தார். நான் முள்கட்டை வரைக்கும் இழுத்தேன். ஒரு முழம்கூட இல்லை. எண்ணைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.