மெல்லாமல் விழுங்கிய கென்யா

“உலகப் படத்துல இருக்கற ஊரையெல்லாம் மனப்பாடம் பண்றியே, அங்கெல்லாம் போயி சோறு திங்கவா போற?”

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஆரோக்கியம் அத்தை கேட்ட கேள்வி இது. அப்பாவின் அக்கா. மாரண்டஹள்ளியில் தக்காளி வியாபாரம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசற்படியைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். அன்றைக்கு அவளை முறைத்தேன்.

போன சனிக்கிழமை, அதே அத்தையோடு ஓசூருக்குப் போனேன்.

ஓசூர்ப் பக்கம் மாடு, கோழி வளர்ப்பு சொல்லித்தரும் பயிற்சி நிலையம் ஒன்று. பல நாட்டுக்காரர்கள் வந்து படிக்கிறார்கள். அங்கே நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஆனால் ஹாஸ்டலில் தங்க வேண்டும். அப்பா யோசித்தார், யோசித்தார்... கடைசியில், “அக்கா போயி எடத்தப் பாத்துட்டு வரட்டும். அக்கா சரின்னா சரி” என்று ஒதுங்கிக்கொண்டார்.

பி.ஏ. படித்தது நான். மார்க் போடுவது அத்தை!

நாங்கள் போன அன்று அங்கே ஒரே கொண்டாட்டம். மாணவர்கள் அவரவர் ஊர்த் தெருக்களில் விற்கிற பண்டங்களைச் சமைத்து, தைல மரங்களுக்கு நடுவே போகும் மண் சாலையின் இரு பக்கமும் கடை போட்டிருந்தார்கள்.

ஓசூர்ப் பனி இன்னும் விலகவில்லை. அடுப்புப் புகையும் பனியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. முதலில் வாசனை வந்தது. பிறகு கடை. அதற்கும் பிறகுதான் மனிதர்கள்... நேபாளக் கடையில் மூடியைத் திறந்தால் ஆவிக்குள் குட்டிக் குட்டிக் கொழுக்கட்டைகள் — உள்ளே வெல்லம் இல்லை, முட்டைக்கோஸ்! எத்தியோப்பியாக்காரர்கள் குடை அகலத்துக்குப் புளித்த தோசை சுட்டார்கள். தாய்லாந்துக் கடையின் சூப்பில் எலுமிச்சை மணக்கும் புல் மிதந்தது.

நான் நடந்தேனா, மிதந்தேனா? பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படத்தில் நேபாளம் மஞ்சள். எத்தியோப்பியா ரோஸ். வெறும் நிறமாக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த தேசங்களுக்குப் புளிப்பும் காரமும் வந்துகொண்டிருந்தன. சிலதுக்குச் சிரிப்புகூட.

“ஏ புள்ள, தூங்கிக்கிட்டே நடக்கறியா? இங்க பாரு... களி!”

அத்தை நின்றது கென்யாக் கடையில். ஒரு பெண் பெரிய சட்டியில் வெள்ளை வெளேரென்று கிண்டிக்கொண்டிருந்தாள். மக்காச்சோள மாவு. அவர்கள் அதை உகாலி என்கிறார்கள். தொட்டுக்கொள்ளக் கீரை. அவள் பெயர் கிரேஸ் என்று தெரிந்ததும் அத்தைக்கு முகமெல்லாம் பல். “அட, நம்ம கோயில் புள்ள!” எல்லைப் பக்கத்து வியாபாரியாயிற்றே — கன்னடத்தில், “ஊட்டா ஆய்த்தா?” என்று சாப்பாட்டை விசாரித்தாள். பால்காரரிடம் அந்தக் கேள்வி பதிலை மட்டும் பழகியிருந்த கிரேஸ், “ஆய்த்து, ஆய்த்து!” என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம்.

எங்கள் பக்கத்தில் களியை யாரும் மெல்வதில்லை. உருட்டு, குழம்பில் புரட்டு, விழுங்கு. மென்றால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். அத்தையும் எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, கீரையில் புரட்டி, உள்ளே அனுப்பினாள். ராகிக் களி என்றால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். இது மக்காச்சோளம். நடு வழியில் நின்றுவிட்டது.

அத்தையின் கண்கள் பிதுங்கின. கிரேஸ் அலறினாள். ஒருவர் முதுகில் குத்த, இன்னொருவர் தண்ணீரோடு ஓடிவர, மாட்டு டாக்டர் ஒருவர்கூட வந்துவிட்டார். தொண்டையில் நின்றது களி மட்டுமா? என் வேலையும்தான்!

தண்ணீர் இறங்கியது. களியும் இறங்கியது. அத்தையின் முதல் வார்த்தை: “எவன்டா அவன் முதுகுல குத்துனவன்?”

கிரேஸ் அழுதுகொண்டிருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, நான் இங்கிலீஷில் சொன்னேன் — தப்பு உன் சமையலில் இல்லை. களியை மெல்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அத்தனை தேசமும் அமைதியாகக் கேட்டது. பிறகு சிரித்தது.

கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னதாக உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளி, மென்று காட்டினாள். அத்தையும் மென்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக!

“ஏன்டி... களிக்குள்ள இத்தன ருசி இருக்குதா?”

திரும்பும் பஸ் ராயக்கோட்டையைத் தாண்டியது. ஜன்னலுக்கு வெளியே மலைகள் நீலமாகக் கரைந்துகொண்டிருந்தன. களி மட்டும்தானா? வெளியூர் என்றால் ஆபத்து, ஹாஸ்டல் என்றால் அசிங்கம் — எத்தனையை நாம் மெல்லாமலே விழுங்கிவைத்திருக்கிறோம்...

“அப்பாகிட்ட என்னாங்கத்தை சொல்லப் போறீங்க?”

“நடந்ததத்தான் சொல்லுவன்.”

போச்சு!

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். “என்னாக்கா, எடம் எப்பிடி?”

“எடமா? குளுரு. ஒரே பொக. நான் செத்துப் பொழச்சன்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.

“அத்தன சனம் என்னச் சுத்தி நின்னு என்னமோ கத்துது தம்பி, எனக்கு ஒண்ணும் வெளங்கல. இவ ஒருத்தி பேசினா. எல்லாம் வாய மூடிக்கிட்டுக் கேட்டுச்சு. இந்தப் புள்ளைய வூட்டுல வெச்சிக்கிட்டு நீ என்னா பண்ணப் போற?”

அப்பா உள்ளே போய், பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

அவரிடம் எப்படிச் சொல்வேன்? களி தின்ற களைப்பில் அத்தை மரத்தடியில் கண்ணயர்ந்த நேரத்திலேயே, பையில் ஒளித்துக் கொண்டுபோன என் மாற்றுச் சேலைகளை ஹாஸ்டலின் ஜன்னலோரக் கட்டிலில் வைத்துவிட்டு வந்திருந்தேன்!