திறக்காமல் அனுப்பவும்

போன வாரம் இந்தப் பக்கத்தை அவசரமாக முடித்துவிட்டதாக இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அன்றைக்கு என் புத்தி முழுக்க வேறு இடத்தில் இருந்தது. எங்கே என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. அனன்யா போன் செய்தாள். ஒரு வக்கீல் ஆபீஸில் வழக்குக் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துப் பிரிக்கிற வேலை அவளுக்கு. டெல்லி மோதி பாக்கில் வளர்ந்த தமிழ்ப் பெண். பேசுவாள்... படிக்க வராது.

“அங்கிள், நீங்க ஏத்தின ஃபைல் எல்லாம் எப்ப பண்ணினது?”

மூன்று வருடத்துக்கு முன்பு என்றேன்.

“அச்சா... ஆனா சிஸ்டம் எல்லாத்துக்கும் போன சண்டேன்னு காட்டுதே. நீங்க ஓபன் பண்ணீங்களா?”

ஓபன் பண்ணாமல் எப்படி அம்மா ஒழுங்கு பண்ணுவது என்று கேட்டேன்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வருடம் மத்திய அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். பக்க எண் இல்லாத காகிதம் மேஜையை விட்டு மேலே போகக் கூடாது என்று பழக்கப்பட்டவன். இந்த வியாதி ரிட்டயர் ஆன பிறகும் போகவில்லை. மயூர் விஹாரில் எங்கள் வீட்டு மருந்துச் சீட்டுகளைப் பார்த்தால் தெரியும் — ஒவ்வொன்றிலும் வலது மேல் மூலையில் ஓர் எண், முன்னால் ஓர் அட்டவணை. மனைவி வசந்தா இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

ரிட்டயர் ஆனதும் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தேன். சைட்டிலிருந்து வரும் ரிப்போர்ட்டுகளை வரிசைப்படுத்தி மேனேஜருக்கு அனுப்புகிற வேலை. அங்கே செல்வின் என்று ஓர் இன்ஜினியர். நாகர்கோவில்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். (பெயர் மாற்றியிருக்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பேஸ்மென்ட் சுவர் அவர் பொறுப்பில் இருந்தது. அந்தச் சுவர் ஒரு மழையில் சாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கட்டச் சொன்னவர்கள் வழக்குப் போட்டார்கள். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? விரிசல் பற்றி செல்வின் எச்சரிக்கவே இல்லையாம். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லேப்டாப்பை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அவர் எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் முதல் கேள்வி அந்தச் சுவரைப் பற்றித்தான். அவர் மனைவி நர்ஸ். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

செல்வின் எச்சரித்தார். எனக்குத் தெரியும், அந்த ரிப்போர்ட் என் கையில்தானே வந்தது. கம்பெனி கொடுத்த காகிதங்களில் அது இல்லை. என் கம்ப்யூட்டரில் இருந்தது. என்னிடம் உள்ளதையெல்லாம் ஒரு வெப்சைட்டில் ஏற்றச் சொல்லி செல்வின் பக்கம் வாதாடும் அனன்யாவின் ஆபீஸிலிருந்து லிங்க் வந்தபோது, செல்வினுக்கு விடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வெப்சைட் ஓர் அருமையான இடம். ஃபைலை இழுத்துப் போட்டால் போதும், அதுவே எண் கொடுக்கிறது, தேதி வாரியாக அடுக்குகிறது, ஒரே காகிதம் இரண்டு முறை வந்தால் கண்டுபிடிக்கிறது. நான் சர்வீஸில் இருந்தபோது இது இருந்திருந்தால் பாதி செக்‌ஷனை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அப்படிப்பட்ட இடத்துக்குக் காகிதத்தைக் கன்னாபின்னாவென்று அனுப்ப மனசு வருமா? ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஃபைலையும் திறந்தேன். பக்க எண் போட்டேன். தலைப்பை நடுவில் கொண்டுவந்தேன். சேவ் செய்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அறுபத்திரண்டு ஃபைல்களையும் ஏற்றி முடித்து, பச்சை டிக்குகளை ஒருமுறை ரசித்துப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

விருந்தாளி வருகிறார் என்றால் சோபாவில் கிடக்கும் துணியை அள்ளி பெட்ரூமுக்குள் போடுகிறோமே, அதுபோலத்தான். பிறத்தியார் பார்க்கப்போகிறார்கள் என்றால் எதையும் கொஞ்சம் திருத்தித்தானே காட்டுகிறோம்? அதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அனன்யா பொறுமையாகத்தான் சொன்னாள். ஃபைல் எப்போது கடைசியாக மாற்றப்பட்டது என்பதையும் அந்த வெப்சைட் படிக்குமாம். நான் தொட்ட ஒவ்வொன்றிலும் என் ஞாயிற்றுக்கிழமை பதிந்துவிட்டதாம்.

“செல்வின் சாருக்காகப் போன வாரம் உட்கார்ந்து செஞ்ச ரிப்போர்ட்டுன்னு அந்தப் பக்கம் சொல்வாங்க அங்கிள். ஒரிஜினல் மெயில் இருந்தா ஜல்தி தேடுங்க.”

மெயிலா? ரிப்போர்ட்டைத் தனியாக எடுத்து வைத்த கையோடு மெயிலை அழித்துவிடுவேன். குப்பைத் தொட்டியையும் வெள்ளிக்கிழமைதோறும் காலி செய்வேன். என் இன்பாக்ஸில் அன்றைக்கு இருந்தவை நான்கே நான்கு மெயில்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என் சுத்தத்தைப் பார்த்து எனக்கே எரிச்சல் வந்தது. ஒரு மனுஷனின் பிழைப்பை நானே என் கையால் கெடுத்துவிட்டேனே!

வசந்தாவிடம் சொன்னேன். அவள் தமிழ் டீச்சர், போன வருடம்தான் ரிட்டயர் ஆனாள். கேட்டுக்கொண்டே இருந்தவள், “அதை எனக்குத்தானே அனுப்பினீங்க... ஸ்கூல்ல பிரிண்ட் எடுத்துட்டு வரச் சொல்லி?” என்றாள்.

சாயங்காலம் வரும் ரிப்போர்ட்டுகளை வீட்டிலேயே பிரிண்ட் எடுத்து மறுநாள் ஆபீஸுக்குக் கொண்டுபோவது என் வழக்கம்; எங்கள் வீட்டுப் பிரிண்டர் அப்போது படுத்திருந்தது. எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

வசந்தாவின் இன்பாக்ஸை நீங்கள் பார்க்க வேண்டும். அக்கவுன்ட் திறந்த நாளிலிருந்து ஒன்றைக்கூட அழித்தது கிடையாது. புடவைக் கடை விளம்பரம், ஸ்கூல் சர்க்குலர், எப்போதோ ரத்தான ரயில் டிக்கெட்... எல்லாம் அப்படியே கிடக்கின்றன. எத்தனை முறை இதற்காக அவளைக் கிண்டல் செய்திருப்பேன்! செல்வின் பெயரைப் போட்டுத் தேடினாள். அரை நிமிடத்தில் வந்து நின்றது. ரிப்போர்ட், அதே தேதி, பக்க எண் இல்லாமல்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் ரிப்போர்ட்டுக்கு மேலே நான் எழுதியிருந்ததை வசந்தா வாய்விட்டுப் படித்தாள். தமிழில் டைப் செய்திருந்தேன், வரி மாறாமல் தருகிறேன்.

“வசந்தா, செல்வின் மறுபடியும் அந்தச் சுவர் பற்றி எழுதியிருக்கிறான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். சும்மா ஃபைலில் கிடக்கட்டும். இரண்டு காப்பி எடு. வரும்போது கொத்தமல்லியும் கால் கிலோ பீன்ஸும்.”

வசந்தா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஒரு காப்பியை ஃபைலில் வைத்தேன். இன்னொன்றை மேனேஜருக்கு அனுப்பினேன் — ‘தகவலுக்காக’ என்று மேலே குறித்து. அவசரம் என்று குறித்திருக்கலாம். நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேனேஜரின் அறை என் மேஜையிலிருந்து பத்து அடி தூரம்தான்.

அனன்யா சொன்னபடி, மெயிலை அப்படியே முழுசாக இறக்கி, திறக்காமல் ஏற்றினோம். இந்தத் தடவை மவுஸ் வசந்தாவின் கையில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் மறுபடியும் போன் வந்தது.

“பெர்ஃபெக்ட் அங்கிள். தேதி சரியா இருக்கு. மேல தமிழ்ல ஏதோ இருக்கே... வீட்டு விஷயமா? பர்சனல்னா சொல்லுங்க, அதை மட்டும் மறைச்சுடலாம்.”

மறைக்கலாமாம். அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறதாம். அந்த வரிகளின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் விழுந்துவிடும். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பீன்ஸ், கொத்தமல்லி என்று நான் சொன்னால் நம்பிவிடுவாள். அது பொய்யும் இல்லை... கடைசி வரி அதுதானே? ரிப்போர்ட் கிடைத்துவிட்டது, தேதி சரியாக இருக்கிறது, செல்வினுக்கு அது போதாதா? ஊரெல்லாம் படித்துப் பார்த்து என்னைக் காறித் துப்ப வேண்டுமா?

அரை மணி நேரம் கொடு அம்மா என்று போனை வைத்தேன்.

வசந்தா அந்த மெயிலைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். “‘மறுபடியும்’னு எழுதியிருக்கீங்க,” என்றாள். “அப்ப அதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கார்.”

அந்த முதல் ரிப்போர்ட் யாரிடமும் இல்லை. என்னிடமும் இல்லை. செல்வின் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை சொன்னார் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆதாரம் நான் அலட்சியமாக டைப் செய்த அந்த ஒரு வார்த்தைதான். கட்டம் போட்டால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. போன் செய்து, பீன்ஸ் கடைசி வரி மட்டும்தான், முதல் மூன்று வரிகளும் வழக்கைப் பற்றியவை என்று சொல்லி, ஒவ்வொன்றாக அர்த்தம் சொன்னேன். ‘எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள்’ என்பதையும் விடாமல் சொன்னேன். அவள் டைப் செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, அப்படியானால் மறைக்க வேண்டாம் அங்கிள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை எந்தெந்த ஃபைலில் என்னென்ன செய்தேன் என்பதையும் விவரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. முடிவு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் செல்வின் அந்த வரிகளை வக்கீல் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. இந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வரச் சொன்னேன். வசந்தா காபி கொடுத்தாள். நான் மெயிலைக் காட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் நிதானமாக இரண்டு தடவை படித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான் அன்னைக்கு பயந்தேன்னு ஒருத்தராவது எழுதி வச்சிருக்கீங்கல்லா சார்,” என்றார். “அது போதும்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.