நாயோடு வீடு தேடினோம்

இந்த ஊர் பஸ்ஸில் நாய்க்கும் உட்கார இடம் உண்டு. நேற்று வேலைக்குப் போகும்போதுகூட ஒரு கிழவி தன் பக்கத்து சீட்டில் கம்பளிச் சட்டை போட்ட நாயை உட்காரவைத்துக்கொண்டு வந்தாள். நான் நின்றுகொண்டு வந்தேன். கண்டக்டர், நாயை மிதித்துவிடாமல் தள்ளி நிற்கச் சொன்னார், என்னிடம்தான். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பேன். இந்தக் குளிர்காலத்தோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

நம்மூரில் வீடு பிடிப்பது எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை ஆபீசுக்கு மாற்றலாகி வந்தபோது ஒரு வீடு கேட்டுப் போனேன். வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்கும் முன்னால், "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். அந்தப் பதில் திருப்தியானதும் என் பின்னால் நின்ற எங்கள் நாயைப் பார்த்து, "இது வேறயா?" என்றார். "இது வாசப்படி தாண்டாதுங்க. மழையோ வெயிலோ வெளியிலதான் கெடக்கும். மிச்சம் மீதியப் போட்டாப் போதும்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது, சாவி கைக்கு வந்தது. ஒழுங்கான குடும்பம் என்று காட்ட நம்மூரில் அந்த வார்த்தை போதும்.

இங்கே நாங்கள் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரரான பஞ்சாபிக்காரர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். என் மனைவி பொன்னம்மாளுக்கோ நிறைமாதம். கூடவே ராசா. நான் வேலை பார்க்கும் ஆலை வாசலில் குட்டியாக நடுங்கிக்கொண்டு கிடந்ததை நான் எடுத்துவர, அவள் வைத்த பெயர் அது. நான் ஆலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் அவளுக்குப் பேச்சுத்துணை ராசாதான். "அத விட்டுட்டு நான் எங்கிட்டும் வரமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கடைக் கண்ணாடியில் அறை வாடகைக்கு என்று அட்டை தொங்கும். போய்க் கதவைத் தட்டினால், இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார் என்பார்கள். திரும்பி வரும்போதும் அட்டை அங்கேயே தொங்கும். சில அட்டைகளில் அந்த ஒளிவுமறைவும் கிடையாது, கறுப்பர்கள் வரவேண்டாம் என்று எழுதியே இருக்கும். ஜாதி கேட்டுக் கதவைச் சாத்தும் ஊரிலிருந்து வந்தவன்தான் நான். ஆனால் ஒரு கேள்விகூடக் கேட்காமல், முகத்தைப் பார்த்தே சாத்துவதை இங்குதான் கண்டேன். கடைசியில் ஜமைக்காக்காரர் ஒருவர் தம் வீட்டு மாடியில் இடம் கொடுத்தார், குழந்தையும் அங்கேதான் பிறந்தது. அந்த இடம் கிடைப்பதற்கு முந்தின வாரம் நடந்ததைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அன்று பனியும் மழையும் கலந்து கொட்டியது. ஒரு விதவை அம்மாள் கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்து அவள் முகம் சுருங்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். ராசாவைப் பார்த்ததும் சிரிக்கவே செய்தாள். அறை இருக்கிறது என்றாள். நாய் எங்கே படுக்கும் என்று கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுக்கோட்டையில் பலித்த பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுக்குள் இது காலே வைக்காது, எந்த மழையானாலும் வெளியில் கட்டிப்போடுவேன், மிச்சத்தைத் தின்றுகொள்ளும் என்று அடுக்கினேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. கருணை இல்லாதவர்களை என் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ள மாட்டேன் என்றாள். உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்து, வாசலில் மண்டியிட்டு, ராசாவின் கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. ராசா நேரே போய் அதன் முன்னால் படுத்துக்கொண்டது. நாய் என்னிடம் இருக்கட்டும், நீங்கள் போகலாம் என்றாள்.

பொன்னம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. நாயின் காலைத் துடைத்து உள்ளே விட்டதை மட்டும் பார்த்தவள், வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பூட்ஸைக் கழற்றிப் படியோரமாக வைத்தாள். "நல்ல மனுசியா இருக்காங்களே" என்று, வலது காலை எடுத்து வைக்கப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நமக்கு இல்லையாம், புள்ள. அதுக்கு மட்டுந்தான்."

நனைந்த படியில் வெறுங்காலோடு நின்று கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடியும் குனிந்து பூட்ஸை மாட்டத் தொடங்கினாள். நான் ராசாவைக் கூப்பிட வாயெடுத்தேன்.

"கூப்புடாதீங்க" என்றாள். "அதாச்சும் உள்ள இருக்கட்டும்."