வழியில் உட்கார்ந்த சாமி

ரோடு நன்றாக இருக்கும்வரை ரோடு இன்ஸ்பெக்டர் என்று ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. அடைபட்டால் மட்டும் ஊருக்கே அவன் வீட்டு விலாசம் தெரிந்துவிடும். எழுபதுகளில் திருத்தணியில் நான் அந்த உத்தியோகத்தில் இருந்தேன். ஒரு ஐப்பசி மழையில் மலைப்பாதையின் நடு வளைவில் மண் சரிந்து, கூடவே ஒரு பெரிய பாறையும் வந்து ரோட்டில் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு, பொதுஜனத்தோடு மாரடித்தவர்களுக்குத்தான் புரியும்.

டீக்கடை நிபுணர்கள்

மலை அடிவாரத்து டீக்கடையில் அன்று காலை எல்லோருமே இன்ஜினீயர்கள். யானை கொண்டுவா என்றார் ஒருவர். தண்ணீர் அடித்தால் மண் தானே கரைந்து ஓடும் என்றார் இன்னொருவர். ஓடி இந்தக் கடைக்குள்தான் வரும் ஐயா என்று சொல்ல வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் மட்டும் மரியாதையாகக் கேட்டார்: "மழை பேஞ்சா மண்ணு எறங்கும்னு உங்க ஆபீசுல யாரும் சொல்லித் தரலீங்களா சார்?"

தோள் வேண்டாம்

மண்ணை அள்ளிக்கொண்டிருந்தபோது பள்ளிப்பட்டிலிருந்து செங்கல்வராயன் என்று ஒரு நெசவாளர் வந்தார். கால் முறிந்து புத்தூர் கட்டுப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை மலைமேல் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். கார் போக வழியில்லை, அந்தக் காலோடு படி ஏறவும் முடியாது. தம்பியை வைத்துத் தாரை வார்த்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். "எம் பொண்ணு கைய நான்தாங்க புடிச்சுக் குடுக்கணும்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நாற்காலியில் உட்காருங்கள், என் ஆட்கள் நாலு பேர் படிவழியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன். மனுஷனுக்கு வந்ததே கோபம்!

"பொண்ணு கல்யாணமும் அதுவுமா என்னை நாலு பேரு தோள்ல போவச் சொல்றீங்களே, நல்லாகீதா சார் இது?"

மேஸ்திரியின் பூஜை

வியாழக்கிழமை காலைக்குள் மண் போய்விட்டது, பாறைதான் பாக்கி. மேலே கோயில், கீழே வீடுகள்; வெடி வைக்கக் கூடாது. சம்மட்டியால் உடைத்தே தீரவேண்டும். எங்கள் மேஸ்திரி முனிரத்தினம் பூஜை போடாமல் எந்தக் கல்லிலும் கை வைக்கமாட்டார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்து உடைக்கலாம் என்று எல்லோரும் கீழே போனோம்.

திரும்பி வந்தால் பாறைக்கு மாலை போட்டிருந்தது! நடந்து மலை ஏறிய பக்தர்கள் கூட்டமாக நின்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்.கே.பேட்டை அம்மாள் ஒருத்தி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். "முருகரே எறங்கி வந்து குந்திகினு கீறாரு, சம்மட்டி தூக்கினு வர்றியா?" என்று எங்கள்மேல் பாய்ந்தாள். முனிரத்தினமோ சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அட பாவி மனுஷா, பொட்டு வைத்ததே நீதானே என்று கத்தினேன்.

"வெச்சப்போ கல்லு சார். இப்போ எப்படி சார் கை வெக்கிறது?"

இழுங்க அம்மா

விடிந்தால் கல்யாணம். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், போலீஸ் என்றேன், ஒருத்தரும் அசையவில்லை. காலையிலிருந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த செங்கல்வராயன் தடியை ஊன்றி எழுந்து பாறைக்கு முன்னால் வந்தார். முதலில் ஒரு கும்பிடு போட்டார். பிறகு அந்த அம்மாளிடம் தன்மையாகச் சொன்னார்: "சாமிய நடு ரோட்ல வெச்சிகினு கீறோமே, லாரிக்காரன் வந்து இடிச்சா யாருக்கும்மா பாவம்? ஓரமா ஒரு நல்ல எடத்துல குந்த வெக்கலாமா?"

அவ்வளவுதான். கயிறு வந்தது, உருட்டிவிடச் சவுக்குக் கட்டைகள் வந்தன. முனிரத்தினம் கடப்பாரையால் நெம்ப, கூட்டம் தேர் இழுப்பதுபோல அரோகரா போட்டு இழுத்தது. பொழுது சாய்வதற்குள் பாறை ஓரத்துக்குப் போய்விட்டது. வியர்த்து விறுவிறுத்து நின்ற அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சாமி வேலைக்கு ஒரு கை குடுக்காம குச்சியாட்டம் நின்னுகினு கீறியே, நீ இன்னாய்யா ஆபீசரு?"

வெள்ளிக்கிழமை

காலையில் மேலே போன முதல் கார் செங்கல்வராயனுடையது. கல்யாணம் முடிந்து இறங்கும்போது வளைவில் காரை நிறுத்தச் சொன்னார். பெண்ணும் மாப்பிள்ளையும் பாறையைக் கும்பிட்டார்கள். அவர் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"என் கையாலயே குடுத்துட்டேன் சார். கால் வலிகூடத் தெரியல."

பிற்பாடு எத்தனையோ ரோடுகளைத் திறந்துவிட்டேன், ஒன்றிலும் என் பெயர் கிடையாது. ஆனால் அந்த வளைவில், தெரியாத்தனமாக, ஒரு கோயில் கட்டி வைத்திருக்கிறேன்.