கழற்றி வைத்த கண்ணாடிகள்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை இருக்கிறது. வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் தொழில். அதோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். கூடவே பொம்மை வண்டி செய்யும் கிறுக்கும் பிடித்துக்கொண்டது.

பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், இப்போது நானே சொன்னதற்கும் வருகிறது. நிஜ வண்டியில் பன்னிரண்டு அங்குலம் இருப்பது என் மேசையில் ஒரு அங்குலம். ஒரு பைக் முழுவதும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். நம்பர் பிளேட் வெட்டியது போக மிச்சமாகும் பிளாஸ்டிக் தகட்டில் டேங்க் செய்வேன். தீர்ந்துபோன ரீஃபில் சைலன்சராகும். ஈயக் கம்பி பிரேக் ஒயர், கிழிந்த மழைக்கோட்டு சீட்டு. பெயிண்ட் அடிப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. பிரைமர் அடித்து, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, மூன்று கை நிறம் அடித்து, கடைசியில் பளபளப்புக்குக் கிளியர் அடித்தால், அது காய்வதற்குள் ஒரு தூசி விழும். மறுபடி உப்புத்தாள். கல் குவாரி லாரியும் சிமெண்ட் லாரியும் ஓடுகிற இந்தப் பக்கத்தில் தூசிக்கு எங்கே போய் ஒளிவது? அதனால் வீட்டு இட்லிப் பானையைத் தூக்கிவந்து, ஈரப் பெயிண்ட்டின் மேல் கவிழ்த்து வைப்பேன்.

"ஒரு நாள் அசந்து மறந்து ஒங்க வண்டியவே வேக வச்சுரப் போறேன்" என்பாள் என் மனைவி.

உண்மையில் எனக்கு ஆசை கார் செய்வதில்தான். ஒரு வெள்ளை அம்பாசடர் ஆரம்பித்தேன். அந்த முதுகு வளைவு கைக்கு வரவே இரண்டு மாதம் ஆனது. நான்கு வருஷமாக அது கதவு இல்லாமல் அலமாரியில் நிற்கிறது. அதைத் தொட விடாமல் பைக்குகள் வந்து மறித்துக்கொண்டன.

பைக்குகள் ஆரம்பித்த விதம் இதுதான். என் சொந்த பைக்கைப் போலவே ஒன்று செய்து கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அரும்பாவூரிலிருந்து நம்பர் பிளேட் மாற்ற வந்த ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் போனில் ஒரு பைக் படத்தைக் காட்டினார்.

"இதே மாதிரி இத செஞ்சு குடுப்பீங்களா? மவன் வண்டி."

முதன்முதலாக ஒருவர் கேட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "தம்பிய ஒருநாள் வரச் சொல்லுங்க, கலர் சரியாப் பாத்துக்கலாம்" என்றேன்.

"அவன் இல்லீங்க" என்றார்.

செய்து கொடுத்தேன். மாலை போட்ட படத்துக்குக் கீழே அதை வைத்தார்கள். காரியத்துக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்தவர்கள் அவரவர் ஊரில் சொன்னார்கள். அதிலிருந்து இதுவரை ஒன்பது பைக் செய்துவிட்டேன். அந்த ஒன்பதையும் ஓட்டியவர்களில் ஒருவன்கூட இன்று உயிரோடு இல்லை.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று மனைவி கேட்பாள். பாவமா இருக்கு என்று சொல்லிச் சமாளிப்பேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் நிஜக் காரணம் கடையில் என் மேசைக்கு அடியில் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் இருக்கிறது.

சிறுவாச்சூர்க் கோயில் திறக்கிற திங்களும் வெள்ளியும் என் கடையில் கூட்டம் தாளாது. புது வண்டிக்குப் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிய டயரோடு நேராக என்னிடம்தான் வருவார்கள். ஸ்டிக்கர் ஒட்டி முடித்ததும் பையன்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "அண்ணே, அந்தக் கண்ணாடி ரெண்டையும் கழட்டி விட்ருங்க." பின்னால் வருவதைக் காட்டுகிற கண்ணாடி இருந்தால் அது வயசானவர்கள் ஓட்டும் வண்டி போலத் தெரியுமாம். ஸ்பேனரை இரண்டு சுற்றுச் சுற்றினால் கையோடு வந்துவிடும். நீட்டினால் வாங்க மாட்டார்கள். "நீங்களே வச்சுக்குங்கண்ணே" என்று கிளம்பிவிடுவார்கள். அப்படிச் சேர்ந்ததுதான் அந்த வாளி.

ஒன்பது பைக்கில் ஐந்து, என் கடையில் கண்ணாடி கழற்றியவை. என் ஸ்டிக்கர் எனக்குத் தெரியாதா? நான்காவது தெரிந்தபோது கழற்றுவதை நிறுத்தினேன். பையன்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள், ஸ்டிக்கரையும் அங்கேயே ஒட்டிக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி ஸ்பேனரை எடுத்தேன். அதற்காக என்னை எனக்குப் பிடிக்காமல் போய் வெகுநாள் ஆகிறது. ஆனால் கடையைப் பூட்டிவிட்டு எங்கே போவது என்றும் தெரியவில்லை. கேட்டு வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்ல வாய் வருவதில்லை. சரி என்று சொன்னால் பகலெல்லாம் அந்தப் பையனின் வண்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன ஆடியில் செந்துறையிலிருந்து ஒரு அக்கா வந்தார். அரியலூர் வந்து பஸ் மாறி வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். கறுப்பு பைக், சிவப்புக் கோடு, அதன் மேல் சிரித்துக்கொண்டு மகன். டேங்கில் 'அம்மா' என்று எழுதி, கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்துவிட்டிருந்தது. அந்த வாலை இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர யாரும் அப்படி இழுப்பதில்லை. ஹேண்டில்பாரில் கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. இது ஐந்தாவது.

"அரியலூர் ரோட்டுல வலது பக்கம் திரும்பியிருக்கான். பின்னாடி டிப்பர் வந்தது தெரியல" என்றார். பஸ் நேரம் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு, "கண்ணாடி ரெண்டும் வச்சுருங்க தம்பி. வாங்குனப்ப இருந்துச்சு" என்றார்.

தலையை ஆட்டினேன். அவர் போன பிறகு வாளியைக் காலால் உள்ளே தள்ளினேன்.

செய்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. வேறு எந்த வண்டிக்கும் அப்படி உழைத்ததில்லை. கண்ணாடியைக் கடைசியாகச் செய்தேன். குண்டூசியை வளைத்துத் தண்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம், அதன் மேல் குரோம் ஸ்டிக்கர். கிட்டே குனிந்தால் அதில் என் மூக்கு தெரிந்தது. அவர் வரும்போது நான்தான் கழற்றினேன் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்லாமல் இந்த வண்டியை அவர் கையில் கொடுத்தால் அதற்குப் பிறகு என் முகத்தை நானே பார்க்க முடியாது. பானையைத் தேடிக் கடைக்கு வந்த மனைவியிடம் சொன்னேன்.

"சொல்லி என்னா ஆவப் போவுது? அவங்களும் அழுவாங்க, நீங்களும் அழுவீங்க."

"சொல்லாம இருந்தா?"

அவள் பானையைத் தூக்கிப் பார்த்து, "காஞ்சிருச்சு, எடுங்க. நாளைக்கு இட்லி ஊத்தணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அக்கா வந்தார். கடையில் கூட்டம். எல்லாரும் போகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வண்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். முதலில் தொடவில்லை. குனிந்து, கண்ணை அதன் உயரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். 'அம்மா' எழுத்தின் மேல் விரல் வைத்தார். அப்புறம் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, அந்த வண்டியில கண்ணாடிய..." என்று ஆரம்பித்தேன். 

"தெரியும் தம்பி" என்றார். "நானுந்தான் வந்திருந்தேன். சிறுவாச்சூர்ல பூசை போட்டுட்டு நேரா இங்கதான வந்தோம். இதே ஸ்டூல்லதான் உக்காந்திருந்தேன்."

எனக்கு நினைவில்லை. எத்தனையோ அம்மாக்கள் அந்த ஸ்டூலில் குங்குமத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வண்டியைத்தான் பார்ப்பேன்.

"நீங்க கேட்டீங்க, கழட்டட்டுமாக்கான்னு. அவன் என் மூஞ்சியப் பாத்தான். எடுத்தா நல்லாத்தான் இருக்கும்னு சொன்னது நாந்தான்."

நான் அப்படிக் கேட்டேனா? யாரிடமும் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. என்மேல் இரக்கப்பட்டு அதை அவர் சேர்த்துச் சொன்னாரோ என்று இன்றுவரை சந்தேகம் இருக்கிறது.

"வூட்ல அவங்கப்பாவுக்குத் தெரியாது" என்றார். "ஒரு நாளு கேட்டாரு, கண்ணாடி எங்கடி போச்சுன்னு. ஒடஞ்சிருச்சுன்னுட்டேன்."

 சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று ஐந்து வாரம் நம்பியிருந்தேன். இப்போது அவருடைய பாரமும் என் மேசைக்கு வந்திருந்தது. ஸ்பேனர் பிடித்த நானும், சரி என்று சொன்ன அவரும் ஒரே வண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை இன்னொரு முறை பார்த்தார்.

"இது அவன் வண்டி மாதிரி இல்ல தம்பி. எடுத்துருங்க."

"எதக்கா?"

"கண்ணாடிய."

பசை போட்டு ஒட்டியது. சுற்றினால் வராது. பிளேடை எடுத்துத் தண்டின் அடியில் வைத்து அறுத்தேன். முதலில் இடது, பிறகு வலது. அறுத்த இடத்தில் கறுப்புப் பெயிண்டை ஒரு சொட்டு வைத்தேன். வெட்டு சுத்தமாக விழுந்திருந்தது. பழகிய கை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெயிண்ட் காய்ந்ததும் வண்டியைப் பெட்டியில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினேன். அறுத்த கண்ணாடிகளை வழக்கம்போல என் பக்கம் ஒதுக்கினேன்.

அவர் கையை நீட்டினார்.

"அதையும் குடுங்க."

கொடுத்தேன். இரண்டையும் முந்தானை முனையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். மஞ்சள் பையில் பெட்டியை வைத்துக்கொண்டு, அரியலூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.