கை கொடுக்கும் வரிசை

அந்தமானின் பாராடாங் தீவில் எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிட முடியாது. முதலில் வெளியே வருகிறவர் முன்வாசல் தாழ்வாரத்தில் நிற்பார். அடுத்தவர் அவருக்குக் கை கொடுத்து “யீசு சஹாய்” என்பார். இயேசு துணை என்று அர்த்தம். பிறகு அவர் பக்கத்திலேயே நின்றுகொள்வார். இப்படியே வரிசை நீண்டு, கடைசி ஆள் வரும்போது எல்லாரும் எல்லாருக்கும் கை கொடுத்திருப்பார்கள். காட்டு வேலைக்கு ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த சனங்கள் கொண்டுவந்த வழக்கம். ஊரில் இருக்கிற நீங்கள் செருப்பைத் தேடுகிற நேரம் அது.

நான்காம் வகுப்பைத் தாண்டாதவன் நான். சாந்துச் சட்டியோடு கப்பலேறி வந்தேன். இன்று நான் கட்டிய வீடு இல்லாத தெரு இங்கே இல்லை. இஞ்சினியர்களே என்னிடம் யோசனை கேட்பார்கள். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குக் கால் பின்வாங்கும். சின்ன வயதில், திருநெல்வேலிப் பக்கம், எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடந்த அடிதடியில் அப்பாவின் கை ஒடிந்ததைக் கண்ணால் பார்த்தவன். அதிலிருந்து வேற்று ஆள் என்றாலே பயம். அந்தப் பயத்தை அதட்டலால் மூடி மூடித்தான் மேஸ்திரி ஆனேன்.

போன வருடம், ஜன்னல் அளவு தப்பிவிட்டது என்று மார்கஸ் என்ற ராஞ்சிக் கொத்தனாரை எல்லார் முன்னாலும் அறைந்துவிட்டேன். அவன் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் பார்த்தால், அளவைத் தப்பாகச் சொன்னதே நான்தான். அவனுக்கு அண்ணன் தம்பி ஐந்து பேர். அத்தனை பேரும் அந்த வரிசையில் நிற்பார்கள். கடைசிப் பாட்டு தொடங்கியதும் பக்கக் கதவு வழியாக நழுவ ஆரம்பித்தேன். சபையில் அப்பமும் ரசமும் தரும் இராப்போஜனம் எடுக்கவும் மனம் இடம் கொடுக்கவில்லை. “ஒங்கப்பாவ அடிச்சவன் ஊர்ல கெடக்கான். இவனப் பாத்து ஏன் நடுங்குதிய?” என்று கேட்டாள் என் மனைவி.

ஒரு ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்தில், அன்பும் பயமும் ஒரே வீட்டில் குடியிருக்காது, அன்பு உள்ளே வந்தால் பயம் வெளியே போயாக வேண்டும் என்றார். எனக்கே சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் கால் பக்கக் கதவுக்கே போனது. வெளியே நல்ல மழை. கூரையடியில் ஒதுங்கி நின்றான் மார்கஸ்.

இரண்டு பேரும் அசையவில்லை. ஆண்டவரே என்று வாய்க்குள் சொல்லிக் கையை நீட்டினேன்.

“கல்தி மேரா தா, பேட்டா.” தப்பு என்னுடையது, மகனே என்றேன்.

அவன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “ஆப்ஸே டர் லக்தா தா, சாச்சா.”

உங்களைக் கண்டு பயம் சித்தப்பா, அதனால்தான் வரிசைக்கு வராமல் வாராவாரம் உங்களுக்கு முன்னாலேயே ஓடிவிடுகிறேன் என்கிறான். என்னைக் கண்டு! சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எத்தனையோ வருடத்துப் பாரம் அந்த மழையிலேயே இறங்கிவிட்டது. நனைந்துகொண்டே சுற்றிப் போய் வரிசையில் சேர்ந்தோம். அவன் பெரியண்ணன் விட்டுப்போன வாரங்களுக்கும் சேர்த்துக் குலுக்குகிறேன் என்று என் கையை விடவே இல்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆராதனை முடிந்ததும் என்னை அறியாமல் வாசலில் நின்று கை நீட்டினேன். “எண்ணே, காணிக்க பிரிக்கியளோ?” என்று கேட்டுவிட்டு பைக்கை எடுத்தான் சித்தப்பா மகன். நீட்டிய கையை நான் மடக்கவில்லை. பாராடாங்கில் அந்நேரம் வரிசை நின்றிருக்கும். மார்கஸுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டிருப்பார்கள்.